தங்கிப் போகிறவர்களுக்கும் இடமுண்டா? வேலூர்ச் சபை ஒன்றின் மதிப்புரை

வேலூரில் ஆலயங்களுக்குப் பஞ்சமில்லை. கோட்டைக்குள் 1846-இல் கட்டப்பட்ட புனித யோவான் ஆலயம் இருக்கிறது. 1952-இல் தனி மறைமாவட்டமான கத்தோலிக்கத் திருச்சபையின் பேராலயம் இருக்கிறது. 1853-இல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷன் விட்டுச் சென்ற சபைகள் காட்பாடி முதல் ராணிப்பேட்டை, ஆரணி வரை ஊருக்கு ஊர் இருக்கின்றன. இவை போக, மாடி அறைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் கூடுகிற பெந்தெகொஸ்தே சபைகளுக்குக் கணக்கே கிடையாது. ஆகவே இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவருக்கு ஆலயம் கிடைப்பது எளிது. எந்த ஆலயத்தில் தம்மையும் ஓர் ஆளாக மதிப்பார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். அந்த வகையில் பயன்படட்டும் என்று, காட்பாடிக்கும் வேலூருக்கும் இடையில் உள்ள ஒரு தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தைப் பற்றி எழுதுகிறேன். பழைய ஆற்காடு மிஷன் வழிவந்த தமிழ்ச் சபை அது. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சபை ஒன்று புதியவர்களை எப்படி ஏற்கிறது என்பதை அளக்க வேண்டுமானால், அந்த ஊரில் புதியவர் என்பவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். தஞ்சாவூரிலோ திண்டுக்கல்லிலோ புதியவர் என்றால் பெரும்பாலும் மாற்றலாகி வந்த ஆசிரியர் குடும்பமோ வங்கி ஊழியர் குடும்பமோ ஆக இருக்கும். வேலூர் அப்படிப்பட்ட ஊர் அன்று. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு மாநிலங்கள், எல்லை தாண்டி வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்தெல்லாம் நோயாளிகளையும் உடன் வருகிறவர்களையும் இந்த ஊருக்கு அழைத்து வருகிறது. 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இப்போது பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் விஐடி, இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் காட்பாடியில் கொண்டுவந்து இறக்குகிறது. செவிலியர் படிப்புக்கு வருகிறவர்கள் தனி. இவர்களில் நாகாலாந்து, மிசோரம், மேகாலயா ஆகிய மூன்று மாநிலத்தாரும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆலயத்தைத் தேடுகிறவர்கள். ஒருவர் மூன்று வாரம் இருப்பார், இன்னொருவர் நான்கு ஆண்டு இருப்பார்; இரண்டு பேருமே ஒருநாள் போய்விடுவார்கள். நிலையாகத் தங்கப் போகிறவர்களை வரவேற்க எந்தச் சபைக்கும் தெரியும். போய்விடப் போகிறவர்களுக்கு என்ன செய்கிறது என்பதை வைத்தே வேலூர்ச் சபை எதையும் மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. இனி எழுதுவதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதல் சோதனை வாசலிலேயே வருகிறது. ஆலயத்தின் மதிலை ஒட்டி ஒரு தேநீர்க் கடை உள்ளது. தமிழ், ஆங்கிலம், இந்தி, வங்காளம் என நான்கு மொழிகளில் அதன் பலகை எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்திலுள்ள மருந்துக் கடையும் அப்படியே. ஆலயத்தின் அறிவிப்புப் பலகையோ தமிழில் மட்டுமே இருக்கிறது, அதிலும் பாதி இடத்தை முன்னாள் ஆயர்களின் பெயர்ப் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆராதனை நேரம் கீழ்மூலையில், மழையில் கரைந்த எழுத்தில் உள்ளது. கூகுள் மேப்பில் காட்டும் நேரம் வேறு. அதை நம்பி வந்தால் பிரசங்கம் பாதி முடிந்திருக்கும். தேநீர்க் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் தேவை, ஆகவே எழுதிவைத்தார் என்று சொல்லிவிடலாம். சபைக்கும் ஆட்கள் தேவை என்றுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் ஜெபிக்கிறார்கள்.

பாராட்ட வேண்டிய ஒன்று, பக்கவாட்டு வாசலில் உள்ள சாய்தளம். பாகாயத்தில் மறுவாழ்வு மையம் இருக்கும் ஊரில், முதுகெலும்பு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழப் பழகிக்கொண்டிருப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களில் ஆலயத்துக்கு வர விரும்புகிறவர்களும் உண்டு. சபை அதை எண்ணி, சரியான சரிவில், கைப்பிடியோடு சாய்தளம் கட்டியிருக்கிறது. ஆனால் ஞாயிறு காலையில் அதன் அடிவாரத்தில் பாடகர் குழுவினரின் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. நாற்காலி வந்தால் பாதி ஆராதனையில் ஒருவர் எழுந்து போய், எந்த வண்டி யாருடையது என்று விசாரித்து நகர்த்த வேண்டியிருக்கிறது. வந்தவர் அதுவரை வெயிலில் காத்திருக்கிறார். வேலூரின் சித்திரை வெயில் எப்படி என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சங்கிலியும் இரண்டு கம்பங்களும் நட்டால் தீர்ந்துவிடும் சங்கதி இது.

உள்ளே ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம் என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. பின்வரிசைகளில் மட்டும் குடும்பமாக அமர்கிறார்கள். இதைப் புதியவருக்கு யாரும் சொல்வதில்லை. வடமாநிலத்துக் கணவனும் மனைவியும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் ஒன்றும் சொல்லாமல் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லிவிடுவதே மரியாதை. சபைக்கு வரவேற்பாளர் குழு ஒன்று உண்டு, நெஞ்சில் அட்டை குத்தியிருக்கும், கைகுலுக்கி வார அறிக்கைத் தாளும் கொடுப்பார்கள்; ஆனால் உட்காருமிடம் வரை உடன் வருவதில்லை. வாசலுக்கும் பெஞ்சுக்கும் இடையிலுள்ள அந்த நாற்பது அடியில்தான் புதியவர் தடுமாறுகிறார்.

ஆராதனையைப் பின்தொடர்வது எளிதா என்றால், தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஓரளவு எளிது. பீடத்தின் இருபுறமும் மரப்பலகையில் பாமாலை, கீர்த்தனை எண்களைச் செருகி வைக்கிறார்கள். திரையிலும் பாட்டு வரிகள் ஓடுகின்றன. ஆராதனை முறைமைப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பதை ஆயர் சில இடங்களில் சொல்கிறார், சில இடங்களில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள் என்று விட்டுவிடுகிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களே இங்கே சற்று விழிப்பதைக் கண்டிருக்கிறேன். 1947-இல் ஒன்றான திருச்சபைதான் என்றாலும், அங்குள்ள சபைகள் ஆங்கிலிக்கன் வழியிலும் ஆற்காட்டுச் சபைகள் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் வழியிலும் வந்தவை; எங்கே எழுந்து நிற்பது, எங்கே முழந்தாளிடுவது, எந்தப் பாட்டை எந்த ராகத்தில் பாடுவது என்பதில் பழைய பழக்கம் இன்னும் தலைகாட்டும். அவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார்கள்.

சமாளிக்க முடியாதவர்கள் வேறு இரண்டு கூட்டத்தார். ஒன்று, தமிழே தெரியாதவர்கள். மற்றொன்று, யாரும் நினைத்துப் பார்க்காத கூட்டம்: டில்லியிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், கீர்த்தனையை அம்மா பாடக் கேட்டு வளர்ந்திருப்பார்கள், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது. காட்பாடியில் படிக்கும் மாணவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். திரையில் தமிழ் வரிக்குக் கீழே அதே வரியை ஆங்கில எழுத்தில் போட்டால் அவர்கள் வாய் திறந்து பாடுவார்கள். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு மட்டும் இந்தச் சபை அப்படிப் போடுகிறது, அன்று பின்வரிசையிலிருந்து எழும் சத்தமே வேறு. ஆண்டு முழுவதும் போடக் கூடாதா என்று கேட்டபோது, திரையில் இடம் போதாது என்று பதில் வந்தது. எழுத்தின் அளவைக் குறைக்கலாம்.

இனி, இந்தச் சபையில் நான் மிகவும் குறை காணும் நிகழ்ச்சி. அறிவிப்புகள், பிறந்தநாள், திருமண நாள் ஸ்தோத்திரக் காணிக்கைகள் எல்லாம் முடிந்ததும், "நம் சபைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்" என்று செயலர் அழைக்கிறார். நிற்கிறவர்களிடம் ஒரு வாலிபர் மைக்கோடு ஓடுகிறார். பெயர், ஊர், எந்தச் சபை, எதற்காக வேலூர் வந்தீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். ஒரு ஞாயிறு, கழுத்தில் கட்டுப் போட்ட ஒருவரும் அவர் மனைவியும் நின்றார்கள். அவரால் பேச முடியவில்லை. மனைவி மைக்கை வாங்கி இந்தியில் இரண்டு சொல் சொன்னார், மைக் கொடுத்த பையனுக்குப் புரியவில்லை, "ஆபரேஷனா சிஸ்டர்?" என்று சத்தமாகவே கேட்டான். அந்த அம்மாள் தலையசைத்தார். சபை முழுவதும் கைதட்டி வரவேற்புப் பாட்டுப் பாடியது. எண்ணம் நல்லதுதான், ஆனால் ஒரு மனிதரின் நோயை முந்நூறு பேருக்கு முன் சொல்லவைப்பது வரவேற்பு ஆகாது. ஆராதனை முடிந்ததும் அவர்களிடம் யாராவது பேசுவார்கள் என்று பார்த்திருந்தேன். கைதட்டியதோடு கடமை முடிந்தது என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள் போலும். இருவரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஆட்டோ பார்க்கப் போய்விட்டார்கள்.

அதே ஆராதனையிலேயே இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வியப்பு. திருவிருந்து ஞாயிறுகளில், அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஞாயிறுகளில், சமாதானம் பகிரும் இடம் அது. ஆயர் தமக்கு அருகில் நிற்பவரின் கூப்பிய கைகளைத் தம் கைகளுக்குள் வைத்து வாழ்த்த, அது கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை வர வேண்டும். பல ஆலயங்களில் இது இப்போது நின்ற இடத்திலிருந்தே நாலா பக்கமும் கும்பிடு போடுவதாகச் சுருங்கிவிட்டது. இங்கே மட்டும் முறைப்படி நடக்கிறது. பெண்கள் பக்கத்தில் கடைசிக்கு முந்தின வரிசையில் வழக்கமாக அமரும் ஒரு முதியவர், தம் அருகில் நின்ற மிசோரம் மாணவியின் கைகளை இரு கைகளாலும் பற்றி, "சமாதானம்மா" என்றார். அந்தப் பெண் தன் மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு அவர் தம் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் திருவிருந்துப் பகுதியைப் புரட்டி, எழுத்து அவளுக்குத் தெரியாது என்று தெரிந்தும், வரிமீது விரலை ஓட்டிக்கொண்டே வாசித்தார். எப்போது எழுவது, எப்போது முன்னே போவது என்பதை முழங்கையால் இடித்துக் காட்டினார். மைக் இல்லாமல், கேள்வி இல்லாமல் அந்தப் பெண் சபைக்குள் வந்துவிட்டாள். அடுத்த வாரங்களிலும் அவள் அதே பெஞ்சைத் தேடிப் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

திருவிருந்தில் யார் பங்குபெறலாம் என்பதிலும் முன்பு குழப்பம் இருந்தது. "சபையின் முழு அங்கத்தினர்கள் மட்டும் முன்வரவும்" என்பார்கள். நாகாலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் சபையாருக்குத் தாம் அதில் சேர்த்தியா என்று எப்படித் தெரியும்? இப்போதுள்ள ஆயர், "தங்கள் சொந்தச் சபையில் திருவிருந்து எடுக்கிற எல்லாரும் இங்கேயும் எடுக்கலாம்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகச் சொல்கிறார். ஒரே வாக்கியம், இந்தச் சபையில் கடந்த ஓராண்டில் நடந்த மிகப் பெரிய சீர்திருத்தம் என்று அதைத்தான் சொல்வேன்.

தமிழ் பேசும் புதியவர்களுக்கு வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. "எந்த ஊரு தம்பி?" என்று கேட்பார்கள், சொன்னதும் "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?", பிறகு "அப்பா பேரு?", பிறகு "உங்க பக்கத்துல யார் வீட்ல பொண்ணு எடுத்தீங்க?" என்று போகும். கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஊரையா, வேறொன்றையா என்பது நம்மில் எல்லாருக்கும் புரியும். எல்லாரும் அப்படிக் கேட்பதில்லை, கேட்கிறவர்களிலும் சிலர் வெறும் ஊர்ப்பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் ஆலய வாசலில் நின்று அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பிள்ளைகளிடம் யாரும் இதைக் கேட்பதில்லை என்பதால், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம் பிள்ளைகளைவிடக் கொடுத்துவைத்தவர்கள்.

சபை நாள் விருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்பூர்ப் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் போடுகிறார்கள். சுவையில் குறை சொல்ல முடியாது. சாப்பாட்டு டோக்கனோ சந்தாப் பட்டியலிலுள்ள குடும்பங்களுக்கு, தலைக்கு ஒன்றாக, முந்தைய வாரமே கொடுக்கப்படுகிறது. பட்டியலில் இல்லாத மாணவர்கள் பந்தலுக்கு வெளியே நிற்பார்கள். பார்த்துவிட்டால் "வாங்க வாங்க, டோக்கன் இல்லாட்டி என்ன" என்று இழுத்து உட்காரவைக்கிற நல்லவர்கள் உண்டு. பார்க்காவிட்டால், விடுதிச் சாப்பாட்டுக்கே திரும்பிவிடுவார்கள். விருந்துக்கு அழைக்கப்பட்டு வருவதற்கும், இரக்கப்பட்டு உட்காரவைக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு பத்தொன்பது வயதில் நன்றாகவே தெரியும். விருந்தினர் டோக்கன் என்று ஐம்பது தனியாக அச்சிட்டு, வாசலில் நிற்கும் வரவேற்பாளர் கையில் கொடுத்தால் போதும். அறுப்பின் பண்டிகையில் இந்தத் தொல்லை கிடையாது. ஏலத்தில் பூசணிக்காய்க்கு விலை கேட்கிறவர் யாராயிருந்தாலும் அன்று அவர் சபையாரே.

நிலையாகத் தங்க வருகிறவர்களுக்கு இங்கே குறை வைப்பதில்லை என்பதையும் நேர்மையாக எழுத வேண்டும். தாய்ச் சபையிலிருந்து கடிதம் கொண்டுவந்தால் தாமதமின்றி அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆயர் வீடு சந்திக்க வருகிறார். பேட்டை வாரியான வீட்டு ஜெபக் கூட்டத்தில் பெயர் சேர்ந்துவிடுகிறது. ஞாயிறு பள்ளி மிகவும் நன்று. எந்தக் குழந்தை எந்த வாரம் வந்தாலும் வகுப்பில் உட்காரவைத்து, வண்ணம் தீட்டத் தாள் கொடுத்துவிடுகிறார்கள். பாடகர் குழுவில் சேர மட்டும் அங்கத்தினராக இருக்க வேண்டுமாம். நான்கு குரலில் பாடிப் பழகிய மேகாலயாவின் காசி இனப் பிள்ளைகள் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க, இங்கே டெனார் எனும் உயர்ந்த ஆண்குரல் பகுதிக்கு ஆள் இல்லை என்று புலம்புகிறார்கள்.

இந்தச் சபையின் சிறந்த சேவை ஆராதனைக்கு வெளியே நடக்கிறது. பெண்கள் ஐக்கியச் சங்கத்தைச் சேர்ந்த சிலர், மருத்துவமனைப் பக்கத்து லாட்ஜ்களில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்குக் குக்கர், பாத்திரம், போர்வை முதலியவற்றை இரவல் கொடுக்கிறார்கள். வாடகை இல்லை, முன்பணம் இல்லை. ஒரு நோட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும். கிறிஸ்தவர்தானா என்ற கேள்வியும் இல்லை. வாலிபர் ஐக்கியத்தில் ரத்த வகைப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு ரத்தம் கொடுக்க ஆள் இல்லாமல் திண்டாடும் வெளியூர்க்காரர் போன் செய்தால், பையன்கள் வகுப்பை விட்டுவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மொழி தெரியாத ஊரில் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இரண்டு ஏற்பாடும் நான்கைந்து பேரின் கைக்காசிலும் அலைச்சலிலும் ஓடுகின்றன. சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியின் வரவுசெலவுத் திட்டத்தில் சுற்றுச்சுவருக்கு வண்ணம் பூசத் தனித் தலைப்பு உண்டு, இதற்கு இல்லை. மைக்கில் அறிவிப்பதும் இல்லை. புதியவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் நேரத்தில் இந்த இரண்டையும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தாலே போதுமானது. மொழிபெயர்த்துக் கொடுக்க மாணவர்கள் பின்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: குடியேறி வருகிறவர்களுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன், வந்து போகிறவர்களுக்கு, அந்த இரவல் பாத்திரத்தையும் ரத்த வகைப் பட்டியலையும் சேர்த்தே, இரண்டரை.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காட்பாடியிலிருந்து பாகாயம் செல்லும் டவுன் பஸ்ஸில் ஏறினால் ஆலயத்துக்கு அருகிலேயே இறங்கிக்கொள்ளலாம். முதல் முறை போகிறவர்கள் திருவிருந்து ஞாயிற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது; ஆராதனை நீளம் என்றாலும் பக்கத்தில் இருப்பவரோடு பழக அதில்தான் வழி இருக்கிறது. குடும்பமாகப் போகிறவர்கள் பின்வரிசையில் வலப்புறம் அமரலாம். அங்கே மின்விசிறியும் நன்றாகச் சுற்றும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முந்தின நாளே ஆலய அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டால், சாய்தளத்தை மறிக்கும் வண்டிகளை நகர்த்திவைக்கிறார்கள். மைக் கொண்டுவரும்போது எழுந்து நிற்க விருப்பமில்லை என்றால் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. பாத்திரம் தேவைப்படுகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் கிழக்கு வாசலுக்கு உள்ளே இருக்கும் பச்சை அலமாரி அருகில் கேட்கலாம். குக்கரைத் திருப்பித் தரும்போது கேஸ்கட்டையும் மறக்காமல் சேர்த்துத் தர வேண்டும் என்பது அந்த அம்மாள்கள் போட்டிருக்கும் ஒரே நிபந்தனை.